நுன்சாக் ஃப்ரீஸ்டைல்: கைதட்டல் கைத்திறமைக்கா, மேடைக் கவர்ச்சிக்கா?

14 ஜூன் 2025

நுன்சாக் என்பது கயிறோ சங்கிலியோ கோத்த இரண்டு கட்டை. அதைச் சுற்றுகிற வாசகர் ஒருவர் கேட்டது:

"அண்ணா, எங்கள் கல்லூரி விழாவில் நுன்சாக் ஃப்ரீஸ்டைல் செய்தேன். ரிஸ்ட் ரோல், விரல் இடுக்கில் ரோல், முதுகுக்குப் பின்னால் கைமாற்று, நடுவில் ஏரியல் (கையை விட்டு எழுப்பிப் பிடிப்பது), எல்லாம் தவறாமல் வந்தது. ஒரு கைதட்டல் கூட இல்லை. எனக்கு அடுத்து வந்த பையன் சட்டையைக் கழற்றினான், கத்தினான், காற்றில் வெறும் எட்டு வடிவம் போட்டான், அக்குளில் அடக்கிக்கொண்டு முறைத்தான். அரங்கமே அதிர்ந்தது. அப்படியானால் நாங்கள் வருடக்கணக்கில் பழகுவது எதற்கு? சீன் போட்டால் போதும், திறமை வேண்டாம் என்றுதானே அர்த்தம்?"

14 ஜூன், இரவு

அப்படி அர்த்தம் இல்லை. உங்கள் ரோல் ஜனங்களுக்குப் பிடிக்காமல் போகவில்லை. அது அவர்கள் கண்ணுக்கே போய்ச் சேரவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டை சுமார் 30 சென்டிமீட்டர். ரிஸ்ட் ரோல் நடப்பது மணிக்கட்டைச் சுற்றிய சின்ன இடத்தில். கட்டை கையின் மேல் புரண்டு மறுபக்கம் விழுவதற்குள் முடிந்துவிடும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பையன் கையை உதறுவது மட்டும் தெரியும். கறுப்புக் கட்டை, கறுப்பு உடை, பின்னால் கறுப்புத் திரை என்று இருந்திருந்தால் அதுவும் தெரியாது. பெரும்பாலான கல்லூரி மேடைகள் இப்படித்தான் இருக்கின்றன.

அந்தப் பையன் எட்டு போட்டபோது வட்டம் தலைக்கு மேலிருந்து முழங்கால் வரை வந்திருக்கும். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவனுக்குக் கைதட்டல் விழுந்தது எட்டுக்காக என்று நான் நினைக்கவில்லை. சட்டையைக் கழற்றியதற்காகவும் இல்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அக்குளில் அடக்கிக்கொண்டு முறைத்தான். அவன் நிறுத்தினான். நீங்கள் எங்கே நிறுத்தினீர்கள்? உங்கள் பட்டியலில் ஒரு நிறுத்தம் கூட இல்லையே. ஒரு வித்தையிலிருந்து அடுத்ததற்கு நேராகப் போயிருக்கிறீர்கள். கைதட்ட நினைத்தவருக்கும் எந்த இடத்தில் தட்டுவது என்று தெரிந்திருக்காது.

அவனை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். வேகமாகச் சுற்றும் கட்டையை அக்குளில் அடக்கி, அதன் பிறகு அது ஒரு துளி கூட ஆடாமல் வைத்திருப்பது எளிதான காரியம் கிடையாது.

15 ஜூன்

நுன்சாக் தெரியாதவர்களும் இதைப் படிப்பதால் ஒரு விளக்கம். இரண்டு கட்டை, நடுவில் கயிறு அல்லது சங்கிலி. ஜப்பானின் ஒகினாவா தீவு ஆயுதக் கலையிலிருந்து கராத்தே வகுப்புகள் வழியாக நம் ஊருக்கு வந்தது. ஃப்ரீஸ்டைல் என்றால் அடிப்பதற்கான முறை எதற்கும் கட்டுப்படாமல் சுற்றுவது, உருட்டுவது, எறிந்து பிடிப்பது, கை மாற்றுவது எல்லாவற்றையும் ஓட்டமாகக் கோத்துச் செய்வது. உருட்டுவதை ரோல் என்போம், கையை விட்டு எழுப்பிப் பிடிப்பதை ஏரியல் என்போம்.

கயிறா சங்கிலியா என்பதிலும் இந்த விவாதம் ஒளிந்திருக்கிறது. கயிறு கையின் மேல் படிந்து கிடக்கும், அதனால் ரோலுக்கு நல்லது. ஆனால் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருந்தால் முறுக்கிக்கொள்ளும், திசையை மாற்றியே ஆக வேண்டும். இணைப்பில் பேரிங் (தடையில்லாமல் சுழல விடும் பாகம்) வைத்த சங்கிலி முறுக்காது, எத்தனை நேரம் வேண்டுமானாலும் ஒரே பக்கம் சுற்றும். பேரிங்கில் பழகிய பையன்கள் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம். கருவி அவர்களை நிறுத்தச் சொல்வதில்லை. நான் புதிதாக வருகிறவர்களுக்குக் கயிறுதான் கொடுக்கிறேன்.

17 ஜூன்

"புரூஸ் லீ முழுக்க சினிமா, அவரிடம் நுன்சாக் திறமை கிடையாது, இன்றைய ஃப்ரீஸ்டைல் பையன்கள் அவரைவிட நூறு மடங்கு மேல்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

வித்தைகளின் எண்ணிக்கையில் உண்மைதான். இன்று 15 வயதுப் பெண் செய்யும் ரோல்களில் பாதி கூட லீயின் படங்களில் இல்லை. அவர் செய்தது பெரும்பாலும் எட்டு, தோளுக்கு மேல் கைமாற்று, இடுப்பைச் சுற்றிக் கைமாற்று, அக்குள் பிடி. அவருக்கு நுன்சாக்கை அறிமுகப்படுத்தியது டான் இனோசான்டோ. பிலிப்பைன்ஸ் வம்சாவளி அமெரிக்கர், எஸ்க்ரிமா குச்சி ஆட்டத்தில் பெரிய ஆள். 1972இல் படமாக்கி, லீ இறந்த பிறகு 1978இல் வெளியான 'கேம் ஆஃப் டெத்' படத்தில் இவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நுன்சாக்கோடு நிற்கும் காட்சி இருக்கிறது. ஒலியை அணைத்துவிட்டு அதை ஒரு முறை பாருங்கள். சுற்றும் நேரம் எவ்வளவு, நிற்கும் நேரம் எவ்வளவு என்று மட்டும் கவனியுங்கள். லீ கொஞ்சம் சுற்றுவார், கட்டை கையில் வந்து உட்காரும், அதோடு உடம்பு மொத்தமும் அடங்கும். அந்த அடக்கத்தில்தான் இப்போது வந்த வேகம் எவ்வளவு என்று பார்ப்பவருக்கு உறைக்கிறது.

இன்னொன்று, அந்தக் காட்சியில் அவர் கையில் இருப்பது மஞ்சள் கட்டை. முதல் நாள் நான் சொன்ன நிற விஷயம் இதுதான். மங்கலான பின்னணியிலும் கட்டை எங்கே போகிறது என்று கண் பின்தொடர்கிறது.

லீயைத் திறமை இல்லாதவர் என்று சொல்பவர்கள் அவர் கட்டையை எங்கே எப்படி அடக்குகிறார் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அதைச் செய்து பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

17 ஜூன், சற்று நேரம் கழித்து

எதிர்பார்த்தபடியே அந்த டேபிள் டென்னிஸ் வீடியோவை ஒருவர் அனுப்பிவிட்டார். "நுன்சாக்கால் பந்தடிக்கிறார் பாருங்கள், இவருக்கா திறமை இல்லை?" என்கிறார். நண்பரே, அது 2008இல் சீனாவில் எடுத்த நோக்கியா என்96 விளம்பரம். நடித்தவர் லீயைப் போலத் தோற்றம் கொண்ட ஒருவர், பந்து கணினியில் சேர்த்தது. லீ இறந்தது 1973இல். இத்தனை வருடம் கழித்தும் வாட்ஸ்அப்பில் உண்மை என்றே சுற்றுகிறது.

எனக்கு இதில் வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. பந்து இல்லாமல் அந்த மனிதர் கட்டையைச் சுற்றுவதே நன்றாகத்தான் இருக்கிறது. நடக்காத ஒன்றைப் பார்த்து வியக்கப் பழகிய கண்ணுக்கு, எதிரே நடக்கும் உண்மையான பிடி சாதாரணமாகத் தெரிகிறது. என் வகுப்புப் பிள்ளைகள் முதல் நாள் கேட்பதும் "பந்து எப்போ சார் அடிக்கிறது?" என்றுதான்.

20 ஜூன்

நேற்று முழுக்க எங்கள் சிலம்ப ஆசானை நினைத்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிப் பக்கம், நான் நுன்சாக்கைத் தொடுவதற்கு முன்பு கம்புதான். சிலம்பத்தில் இந்தச் சண்டை மிகப் பழசு. போர்ச் சிலம்பம், அலங்காரச் சிலம்பம் என்று அந்தக் காலத்திலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். கோயில் கொடையில், பொங்கல் விளையாட்டில் மேளத்துக்கு ஆடுவது அலங்காரம். கம்பை மாலையாகச் சுற்றி, கழுத்தில் உருட்டி, மேலே எறிந்து, குனிந்து முதுகுக்குப் பின்னால் பிடிப்பார்கள். போர் முறைக்காரர்கள் இதை "கூத்து" என்று ஒதுக்குவார்கள். அலங்காரக்காரர்கள் "நீங்க ஆடினா நாலு பேரு நிப்பானா?" என்பார்கள்.

எங்கள் ஆசான் இரண்டு பக்கமும் சேரவில்லை. கம்பையே பார்க்க மாட்டார். ஆடுகிறவன் காலைத்தான் பார்ப்பார். "கம்பு தப்பினா எடுத்துக்கலாம், காலடி தப்பினா என்னத்தலே எடுப்ப?" என்பார். மேலே கம்பு என்ன ஜாலம் காட்டினாலும் கீழே கால் நின்ற இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு அது சிலம்பமே இல்லை. மாதக் கணக்கில் கம்பே கொடுக்காமல் காலடி மட்டும் போட வைத்தார். அலங்காரம் ஆடும்போதும் ஒவ்வொரு வீச்சும் எந்தக் காலில் முடிகிறது என்று கேட்பார்.

நுன்சாக் ஃப்ரீஸ்டைலில் நான் பார்க்கும் பெரிய குறை இதுதான். கை பறக்கிறது, கால் செத்துப்போய் நிற்கிறது. முழங்கால் விறைத்து, பாதம் இணையாக, கண் கட்டையிலேயே குத்தி நிற்கும். இதற்குக் காரணம் தெளிவு. பெரும்பாலோர் பழகுவது அறைக்குள், கைபேசிக்கு முன்னால். நகர்ந்தால் படத்திலிருந்து வெளியே போய்விடுவோம், மின்விசிறியில் கட்டை படும், அதனால் காலைக் கட்டிப்போட்டுக்கொண்டு கையை மட்டும் வளர்க்கிறார்கள்.

காலை அசைப்பது மேடைக் கவர்ச்சியா, கைத்திறமையா? ஆசானிடம் கேட்டிருந்தால் அவருக்குக் கேள்வியே புரிந்திருக்காது. ஏரியல் விடும்போது முழங்கால் கொஞ்சம் இறங்கி எழுந்தால் கட்டை ஒரே உயரத்துக்குப் போகும், பிடியும் சுத்தமாக வரும், கடைசி வரிசைக்கும் "இதோ ஏதோ நடக்கப் போகிறது" என்று சொல்லும். மூன்றும் ஒரே அசைவு.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அதைப் பார்த்துவிட்டுப் பல பிள்ளைகள் சிலம்ப வகுப்பில் சேர்ந்தார்கள். நுன்சாக் பழகுகிறவர்கள் பக்கத்தில் சிலம்ப வகுப்பு இருந்தால் காலடிக்காக மட்டுமாவது போய்ப் பாருங்கள்.

20 ஜூன்

"ஒகினாவா பாரம்பரியத்தில் இந்த மாதிரி அலங்காரமே கிடையாது, ஃப்ரீஸ்டைல் வந்துதான் கெடுத்தது" என்பவருக்கு: மரபான கத்தா (கோத்து வைத்த அசைவு வரிசை) என்று இன்று வகுப்புகளில் சொல்லித்தரும் 'மாயேசாதோ நோ நுன்சாக்கு' 20ஆம் நூற்றாண்டில் ஒகினாவா ஆயுதக் கலை ஆசான் தைரா ஷின்கென் தொகுத்தது. அவர் வாழ்ந்தது 1897 முதல் 1970 வரை, பிறந்த குடும்பப் பெயர் மாயேசாதோ. ஆக, நாம் பழசு என்று கும்பிடுவதும் ஒருவர் உட்கார்ந்து கோத்த வரிசைதான். அது நன்றாக இருப்பதற்குக் காரணம் கோத்தவருக்கு எங்கே அடி முடிகிறது என்று தெரிந்திருந்தது. வயசை வைத்து மதிக்க வேண்டாம்.

22 ஜூன்

14ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். "கடைசி வரிசைக்குத் தெரியவில்லை" என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் நுன்சாக்கில் மிக அழகான சில விஷயங்களைத் தூக்கி எறிய வேண்டிவரும். அதில் எனக்குச் சம்மதம் இல்லை.

விரல் ரோல் என்று ஒன்று இருக்கிறது. கட்டை ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒவ்வொரு விரலாகக் கடந்து, கயிறு இடுக்கில் மாட்டாமல் மறுபக்கம் வரும். அது மேடைக்கு ஏற்றதில்லை. மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது. ஃப்ரீஸ்டைல் வளர்ந்ததே இணையத்தில், ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய அண்மைக் காட்சி வீடியோக்களில். பார்ப்பவரும் சுற்றத் தெரிந்தவர், நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, பாதி வேகத்தில் பார்ப்பவர். அந்த ரசிகருக்கு எந்தச் சீனும் வேண்டியதில்லை. கத்தினால் எரிச்சல்தான் வரும்.

எனவே கேட்டவருக்கு என் பதில் இப்படி மாறுகிறது: உங்கள் ரோல்களை விடாதீர்கள். கேமராவுக்கு ஒரு வரிசை, மேடைக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். பட்டிமன்றத்தில் பேசுவதையும் காதோடு சொல்வதையும் ஒரே குரலில் யாரும் சொல்வதில்லை.

கைபேசி வீடியோ பற்றி ஒரு எச்சரிக்கை. வேகமாகச் சுற்றும் கட்டை கைபேசிப் படத்தில் வளைந்த மாதிரி தெரியும். கேமரா படத்தை வரி வரியாகப் பதிவு செய்வதால் வரும் கோளாறு அது. நம் கை சரியாகப் போகிறதா என்று அந்தப் படத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. கண்ணாடி முன் மெதுவாகச் செய்து பார்ப்பதே நம்பகமானது.

22 ஜூன், இரவு

எல்இடி நுன்சாக் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றினால் ஒளி வட்டம் மட்டும் தெரியும், கை மறைந்துவிடும். முதல் நாள் பழகும் பிள்ளையின் வட்டமும் தேர்ந்தவரின் வட்டமும் இருட்டில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரோல் முழுக்க வீணாகிறது, ஏனென்றால் கை இல்லாமல் ரோலுக்கு அர்த்தமே இல்லை. ஆனால் ஏரியல் அங்கே மிக நன்றாக எடுபடுகிறது. ஒளி உடம்பை விட்டுப் பிரிந்து மேலே போய்த் திரும்புவதைப் பச்சைக் குழந்தை கூடப் புரிந்துகொள்ளும். எல்இடி வைத்திருந்தால் ஏரியலைச் சுற்றி வரிசையைக் கட்டுங்கள். நடுவில் ஒரு தடவை மேடை விளக்கைப் போடச் சொல்லி முகத்தையும் காட்டுங்கள்.

25 ஜூன்

இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

ஊருக்கு ஊர் "உலக சாதனை" நடக்கிறது. மைதானத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், கொளுத்தும் வெயில், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் இடைவிடாமல் நுன்சாக் சுற்ற வேண்டும். முடிந்ததும் ஆளுக்கு ஒரு சான்றிதழ், கேடயம். அதற்குப் பெற்றோரிடம் கட்டணம். நானும் ஒரு முறை பிள்ளைகளை அழைத்துப் போனேன். பாதிப் பிள்ளைகள் எட்டு கூடப் போடவில்லை. கட்டையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு நின்றார்கள், ஆட்டினாலே கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு சின்னப் பெண்ணுக்கு முழங்கையில் பட்டு வீங்கிவிட்டது. நிறுத்தினால் சாதனை போய்விடும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இதில் திறமை எங்கே? சரி, காட்சி அழகாவது எங்கே? யாரும் யாரையும் பார்க்கவில்லை, மேடையில் இருந்தவர்கள் உட்பட. இந்த இழையில் திறமைக்காரர்களும் மேடைக்காரர்களும் மாறி மாறி அடித்துக்கொள்கிறோம். ஆனால் இருவருக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது, இரண்டு பேரும் ஒரு பிடி சுத்தமாக வர வேண்டும் என்று உழைக்கிறவர்கள். அந்த மைதானத்தில் அது ஒருவருக்கும் தேவைப்படவில்லை. பிள்ளைகளுக்கு அதற்குப் பதில் ஒரு நல்ல பிடியைச் சொல்லிக்கொடுத்து, தெருவில் பத்துப் பேர் முன்னால் செய்ய வையுங்கள். அந்தப் பத்துப் பேர் கைதட்டினால் அந்தக் குழந்தைக்கு ஏன் தட்டினார்கள் என்று தெரியும்.

26 ஜூன்

நடுவராக உட்கார்ந்தபோது நீங்கள் எப்படி மதிப்பெண் போடுவீர்கள் என்று கேள்வி. நியாயமான கேள்வி.

விளையாட்டுக் கராத்தே போட்டிகளில் ஆயுதம் கீழே விழுந்தால் பெரிய அடி. அதனால் பிள்ளைகள் பாதுகாப்பான வரிசையாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அல்லது விழுந்ததும் முகம் செத்துவிடுகிறது. ஒரு மாவட்ட அளவிலான போட்டியில் ஒரு பையன் கடினமான ஏரியல் விட்டான், கை தவறி விழுந்தது. நிமிர்ந்து நின்றான், ஒரு மூச்சு எடுத்தான், கட்டையைக் காலால் சுண்டிக் கைக்குக் கொண்டுவந்து அதே ஏரியலைத் திரும்ப விட்டுப் பிடித்தான். கூட்டம் எழுந்து நின்றது. விதிப்படி அவனுக்குப் பரிசு இல்லை, நானும் விதிப்படிதான் போட்டேன். ஆனால் அந்தக் கைதட்டலில் ஒரு தெளிவு இருந்தது. விழுந்ததைப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு கடினம் என்று கூட்டத்துக்குத் தெரிந்தது. பந்து எறிந்து பிடிக்கும் வித்தைக்காரர்கள் வேண்டுமென்றே ஒரு முறை தவறவிடுவது இதற்காகத்தான்.

நுன்சாக்கில் வேண்டுமென்று தவறவிடச் சொல்ல மாட்டேன், தரையில் பட்டுத் தெறித்தால் ஆபத்து. ஆனால் பெரிய ஏரியலுக்கு முன் அதே கட்டையைச் சின்னதாக எறிந்து பிடித்துக் காட்டலாம். அடுத்தது எவ்வளவு பெரிசு என்று கண் தானே அளந்துகொள்ளும்.

27 ஜூன்

ஒருவர் நியூயார்க் சட்டம் பற்றிக் கேட்டார், சுருக்கமாக. 1974இல் அந்த மாநிலம் நுன்சாக்கை வீட்டில் வைத்திருப்பதைக்கூடத் தடை செய்தது. 2018 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தள்ளியது. பிரிட்டனில் தணிக்கைக்காரர்கள் பல வருடங்கள் படங்களில் நுன்சாக் காட்சிகளை வெட்டினார்கள். திரையில் ஒருவர் காட்டிய அழகைப் பார்த்துப் பையன்கள் தெருவில் சுற்ற ஆரம்பித்தார்கள், அரசுகள் பயந்தன. காட்சிக்கு இருக்கும் பலம் எவ்வளவு என்று இதில் தெரிகிறது. மேடைக் கவர்ச்சியை "வெறும்" என்று சொல்லித் தள்ளுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம்.

30 ஜூன்

நிறுத்தம் நிறுத்தம் என்கிறீர்களே, அதை எப்படிப் பழகுவது என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். இதை விரிவாகவே எழுதுகிறேன். இந்த இழையில் எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

சுற்றும் கட்டையில் வேகம் முழுக்க நுனியில் இருக்கிறது. நம் கையில் இருப்பது மற்றக் கட்டை. ஆக, ஓடுகிற பொருளை நாம் நேரடியாகப் பிடித்திருக்கவில்லை, கயிறு வழியாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் சுற்றுவதைவிட நிறுத்துவது கடினம். அதற்கு நான் மூன்று வழி வைத்திருக்கிறேன்.

முதலாவது, மறு கையால் பிடிப்பது. கையை நீட்டிக் காத்திருந்தால் கட்டை விரலில் மோதும், வலிக்கும், துள்ளும். கட்டை வரும் திசையிலேயே கையும் கொஞ்ச தூரம் கூடப் போய், போகப் போக விரலை மூட வேண்டும். பார்ப்பவருக்குக் கட்டை கைக்குள் கரைந்த மாதிரி இருக்கும்.

இரண்டாவது உடம்பு. அக்குள், தோளின் பின்பக்கம், இடுப்பு, தொடை. இங்கே வேகத்தை வாங்கிக்கொள்வது சதைதான், எலும்பில் பட்டால் போச்சு. அக்குள் பிடியில் கட்டை முதுகுப் பக்கம் படிந்த பிறகு கையை மூட வேண்டும். அவசரப்பட்டு முன்னதாக மூடினால் விலா எலும்பில் வாங்கிக்கொள்வீர்கள். பஞ்சு சுற்றிய கட்டையில் ஆரம்பியுங்கள்.

மூன்றாவது எனக்கு மிகப் பிடித்தது. கட்டையை மேல் நோக்கி விட்டு, அது ஏறி முடித்து இறங்குவதற்கு முன் ஒரு கணம் எடையே இல்லாமல் இருக்கும் இடத்தில் எடுப்பது. வலியும் இல்லை, சத்தமும் இல்லை. அந்தக் கணத்தைக் கண் பிடித்துக்கொள்ள நாள் ஆகும். வந்துவிட்டால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

பிடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் சோதனை. கயிறு தளர்ந்து ஊசலாடக் கூடாது. கட்டை நுனி நடுங்கக் கூடாது. தோள் இறங்கி, மூச்சு வெளியே போய், கண் எதிரே இருக்க வேண்டும், கட்டையில் இருக்கக் கூடாது. மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள். அப்புறம் அடுத்தது.

இப்போது சொல்லுங்கள், இதைத் திறமை என்ற கணக்கில் எழுதுவதா, மேடைக் கவர்ச்சி என்ற கணக்கில் எழுதுவதா? என்னால் பிரிக்க முடியவில்லை. முகத்தை இறுக்கி முறைப்பதை யாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் கட்டை அடங்காமல் முகம் மட்டும் முறைத்தால் குழந்தைகளே சிரித்துவிடுவார்கள். நிறுத்தம் சுத்தமாக இருந்தால் முறைக்கவே வேண்டாம், சாதாரணமாக நின்றாலும் எடுபடும். என் வகுப்பில் ஒரு அமைதியான பெண் இருக்கிறாள். கத்த மாட்டாள், சிரிக்கக்கூட மாட்டாள். அவள் ஒவ்வொரு பிடிக்குப் பிறகும் வெறுமனே நிற்கிறாள். பார்ப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வதை நான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன்.

1 ஜூலை

"அப்போ பாட்டு?" என்கிறார் ஒருவர். பாட்டு வையுங்கள். ஆனால் வரிசையைக் கட்டிவிட்டுப் பாட்டைத் தேடுங்கள். பாட்டை முதலில் எடுத்தால் அதன் வேகத்துக்குக் கை ஓடும், எந்த நிறுத்தமும் முழுசாக வராது. நையாண்டி மேளத்துக்கு ஆடிப் பழகிய சிலம்பக்காரர்களுக்கு இது ரத்தத்தில் இருக்கும். அங்கே மேளக்காரர் ஆடுகிறவனைப் பார்த்து அடிப்பார். பதிவு செய்த பாட்டு உங்களைப் பார்க்காது. கொஞ்சம் இடைவெளி உள்ள மெட்டாக எடுங்கள், கட்டையின் விர்ரென்ற சத்தமும் பிடிக்கும்போது வரும் 'டப்'பும் கேட்கட்டும். அந்தச் சத்தத்தைப் பாட்டில் முக்கிவிடுவது பெரிய நஷ்டம்.

6 ஜூலை

ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். ஆண்டு விழாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நுன்சாக் செய்கிறார்கள், பார்க்க அழகாக இருக்க நெருப்பு நுன்சாக் ஒன்று சேர்க்கலாமா, மேடை ஏற்பாட்டில் வேறு என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார்.

டீச்சர், நெருப்பு வேண்டாம். பிள்ளைகளுக்குக் கண்டிப்பாக வேண்டாம். பெரியவர்கள் செய்யும்போதே நெருப்பைப் பார்த்துத்தான் கைதட்டுகிறார்கள், உடம்பில் அடக்கும் பிடி எதையும் செய்ய முடியாமல் போகிறது.

கட்டைகளுக்கு மஞ்சள் அல்லது வெள்ளை டேப் சுற்றச் சொல்லுங்கள், பின்திரை கறுப்பாக இருந்தால் அதுவே பாதி வேலையை முடித்துவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே வித்தையைச் செய்ய வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் நிற்பதை மட்டும் பழக்குங்கள். இருபது பிள்ளைகள் ஒன்றாக அசையாமல் நின்றால் அந்த அரங்கில் அன்று அதைவிடப் பெரிய கைதட்டல் எதற்கும் விழாது. பிள்ளைக்குப் பிள்ளை இடைவெளி, இருவரும் கையையும் கட்டையையும் முழுசாக நீட்டினாலும் தொடாத அளவு இருக்கட்டும்.

அன்று காலையில் ஒவ்வொரு கயிறையும் நீங்களே இழுத்துப் பாருங்கள், கட்டைக்குள் போகும் துளையில்தான் முதலில் தேயும். சங்கிலியாக இருந்தால் பேரிங் தலையில் இருக்கும் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு வேறு கட்டை கொடுங்கள், இல்லையென்றால் அந்த ஒரு உருப்படியை விட்டுவிடுங்கள். மேடைக்கு நேர் முன்னால் சின்ன வகுப்புப் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைப்பது எல்லாப் பள்ளியிலும் வழக்கம். இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் அவர்களைப் பக்கவாட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள், முன்னால் குறைந்தது 3 வரிசை காலியாக இருக்கட்டும்.